தராசுச் சீட்டும் ஜெனிவா மேசையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே, பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை வாங்கும் தராசு ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என் சித்தப்பா தன் ஏழு ஏக்கரில் வெட்டிய குலைகளைச் சின்ன லோரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். லோரி குலையோடு ஒரு முறை தராசில் ஏறும். குலையை இறக்கிவிட்டு வெறும் லோரியாக இன்னொரு முறை ஏறும். கழித்து வருவதுதான் எடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெண் ஒரு சீட்டை நீட்டுவார். எடை, டன்னுக்கு என்ன விலை, பழுக்காத குலைக்குக் கழித்தது எவ்வளவு, கையில் வரும் வெள்ளி, அதாவது ரிங்கிட், எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். சித்தப்பா எடையைப் பார்க்க மாட்டார். குலையைத் தூக்கிய தோளுக்கு எடை தெரியாதா? விலையைத்தான் பார்ப்பார்.

2020 ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். விலை இறங்கியிருந்தது. "ஏன் தங்கச்சி, இவ்வளவு கொறஞ்சிருச்சு?" என்று கேட்டார். "இந்தியா வாங்கலையாம் அங்கிள்" என்றார் அந்தப் பெண். அவ்வளவுதான் பதில். சித்தப்பா சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. எங்கேயோ இந்தியாவில் யாரோ வாங்கவில்லை என்றால், சுங்கை சிப்புட்டில் ஏழு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஏன் கையில் வரும் காசு குறைய வேண்டும்? வாங்க வேண்டாம் என்று முடிவெடுத்தது யார்? அதை மாற்றச் சொல்லிப் பேசுவது யாருடைய வேலை? கடைசிக் கேள்விக்குப் பதில் உண்டு. அதற்கென்றே வேலை பார்க்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். வணிகத் தூதர்கள் என்று சொல்லலாம்.

சனிக்கிழமைகளில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குப் பொருளியல் சொல்லித் தருகிறேன். என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டால் டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆசிரியர் என்று நாலு பெயர்தான் வரும். வணிகத் தூதர் என்று ஒருவர்கூட இதுவரை சொன்னதில்லை. எனக்கு அது வருத்தம். நூறு வருடத்துக்கும் மேலாக நம் தோட்டங்களின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்த மேசைகளில் மலேசியத் தமிழர்களான நம் ஆட்கள் உட்கார்ந்ததே அரிது. அந்த மேசையில் என்னதான் நடக்கிறது, அங்கே போய்ச் சேர வழி என்ன என்று விளக்குவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தூதர் என்றதும் கோட்டு, கொடி கட்டிய கார், விருந்து என்றுதான் மனத்தில் ஓடும். வணிகத் தூதரின் நாள் பெரும்பாலும் எண்களோடு போகிறது. உலகத்தில் விற்று வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஓர் எண் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. கச்சாப் பாமாயில் 1511.10. சுத்திகரித்த பாமாயில் 1511.90. இயற்கை ரப்பர் 4001-இல் வரும், அதில் பால் என்றால் 4001.10, புகைக்கூண்டில் காயவைத்த ஷீட்டு என்றால் 4001.21. ரப்பர் கையுறை 4015. நம் பாட்டிமார் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் கட்டிய மங்கிலிருந்து, அதாவது கிண்ணத்திலிருந்து, வாளியில் ஊற்றிச் சேர்த்த பாலுக்கு உலகச் சந்தையில் பெயர் இந்த எண்தான். வரியை ஏற்றுவதும் இறக்குவதும் தடை போடுவதும் எண்ணைச் சொல்லித்தான் நடக்கும். 1511.10-க்கும் 1511.90-க்கும் நடுவில் எவ்வளவு வரி வித்தியாசம் என்பதைப் பொறுத்து ஒரு நாட்டில் சுத்திகரிப்பு ஆலை ஓடும், இன்னொரு நாட்டில் மூடும்.

எண்ணுக்கு அடுத்தது சொல். பேச்சுவார்த்தையில் ஒப்பந்த வரைவு தயாராகும்போது, இன்னும் ஒத்துப்போகாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் வைப்பார்கள். 'செய்ய வேண்டும்' என்று ஒரு நாடு கேட்கும், 'செய்ய முயல வேண்டும்' என்று இன்னொரு நாடு கேட்கும். இரண்டும் அடைப்புக்குள் நிற்கும். அந்த அடைப்பை எடுக்கச் சில சமயம் ஒரு மத்தியானம் போதும், சில சமயம் பல வருடம் ஆகும். உலக வணிக அமைப்பில் இப்போது 166 உறுப்பினர்கள். அங்கே ஓட்டெடுப்பு வழக்கம் இல்லை, ஒருவரும் எதிர்க்காமல் இருந்தால்தான் முடிவு. மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு 2001-இல் பேச்சு தொடங்கியது. 2022 ஜூனில்தான் ஏற்றுக்கொண்டார்கள், 2025 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. இருபத்தைந்து வயதில் அந்த அறைக்குள் நுழைந்த ஓர் அதிகாரிக்கு அது முடியும்போது தலை நரைத்திருக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

இப்போது தராசில் இருந்த பெண் சொன்ன அந்த ஒரு வரிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் உள்ளது அத்தனையும் அந்தக் கதைக்குள் இருக்கிறது.

மலேசியாவும் இந்தியாவும் விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு ஒன்றைச் செய்திருக்கின்றன. 2011 ஜூலை 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. பாமாயில் வரியை இந்தியா எந்த ஆண்டுக்குள் எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. கையெழுத்தானபோது நம்மில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டோம். எட்டு வருடம் கழித்து, 2019 ஜனவரி 1-இல், அந்த அட்டவணைப்படி சுத்திகரித்த மலேசியப் பாமாயிலுக்கு இந்தியாவில் வரி 45 விழுக்காடாக இறங்கியது. இந்தோனேசிய எண்ணெய்க்கு அப்போது 50 விழுக்காடு. வித்தியாசம் வெறும் ஐந்துதான். ஆனால் கப்பல் கப்பலாக எண்ணெய் வாங்கும் வியாபாரிக்கு ஐந்து விழுக்காடு என்றால் மலை. மலேசியாவின் சுத்திகரித்த எண்ணெய் இந்தியாவுக்குள் வெள்ளம்போலப் போனது. அந்த ஆண்டு மொத்தமாக ஏறத்தாழ 44 லட்சம் டன் மலேசியப் பாமாயிலை இந்தியா வாங்கியது. பல வருடத்துக்கு முன்னால் ஏதோ ஓர் அறையில், யாரோ ஓர் அதிகாரி வாதாடி வாங்கி வைத்த ஓர் எண் அன்றைக்குப் பலன் கொடுத்தது.

இந்தியாவில் சுத்திகரிப்பு ஆலை நடத்துகிறவர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் ஆலைகள் படுத்துவிட்டன என்று முறையிட்டார்கள். தொழிலுக்கு ஆபத்து வந்தால் தற்காப்பு வரி போடலாம் என்று விதி இருந்தது. அதை எடுத்து 2019 செப்டம்பரில் மலேசிய எண்ணெய்க்கு மட்டும் 5 விழுக்காடு கூடுதல் வரியை இந்தியா போட்டது. எவ்வளவு சலுகை கிடைத்ததோ சரியாக அவ்வளவும் திரும்பிப் போனது.

அதே செப்டம்பர் கடைசியில் அப்போதைய பிரதமர் மகாதீர் ஐ.நா. பொதுச்சபையில் காஷ்மீர் பற்றிப் பேசினார். இந்தியாவுக்குக் கோபம் வந்தது. அக்டோபரில் மும்பையில் உள்ள எண்ணெய்த் தொழில் சங்கம் ஒன்று, மலேசிய எண்ணெயைத் தவிர்க்கச் சொல்லித் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. டிசம்பரில் இந்தியாவின் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தையும் மகாதீர் குறை சொன்னார். 2020 ஜனவரி 8-இல் இந்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சுத்திகரித்த பாமாயில் இனி தாராளமாக இறக்குமதி செய்யும் பட்டியலில் இல்லை, கட்டுப்பாடுள்ள பட்டியலில் வரும் என்றது. மலேசியா என்ற பெயரை அதில் எழுதவே இல்லை. எல்லா நாட்டுக்கும் பொதுவான அறிவிப்பு. ஆனால் முந்தைய ஆண்டு முழுக்கச் சுத்திகரித்த எண்ணெயை மேலும் மேலும் அனுப்பிக்கொண்டிருந்தது மலேசியா. அடி யார் முதுகில் விழுந்தது என்பது வணிகம் தெரிந்த எல்லாருக்கும் புரிந்தது. பெயர் சொல்லாமல் அடிப்பது எப்படி என்று ஒரு வணிக அதிகாரி எழுதிக் கொடுத்திருப்பார். அதைப் படித்ததும் இது நமக்குத்தான் என்று மலேசிய அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவுக்கு எழுதியவரும் ஒரு வணிக அதிகாரியாகத்தான் இருந்திருப்பார்.

பிரதமர் பேசியது சரியா என்று நான் இங்கே தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஒரு நாட்டுக்குத் தன் மனசாட்சியைப் பேசும் உரிமை வேண்டும். ஆனால் பேசினால் என்ன விலை, அந்த விலையை எந்த ஊரில் யார் கொடுப்பார்கள் என்று கணக்கோடு எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்பதும் கேட்காததும் தலைவரின் இஷ்டம். சொல்வது வணிகத் தூதரின் கடமை.

அப்புறம் என்ன நடந்தது? மார்ச்சில் மலேசியாவில் ஆட்சி மாறியது. மே மாதம் இந்தியாவிடம் ஒரு லட்சம் டன் அரிசி வாங்க மலேசிய வணிகர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். அதே சமயத்தில் இந்தியர்கள் மறுபடி மலேசிய எண்ணெய் வாங்கத் தொடங்கினார்கள். ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசலில் ஏதாவது கொடுத்து முதல் வாசலைத் திறக்கவைப்பது இந்தத் தொழிலின் பழைய வழி. நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், சித்தப்பாவின் சீட்டில் விலை இறங்கியதற்கு இந்தியா மட்டும் காரணம் இல்லை. சீனாவில் தொடங்கிய கொரோனா அந்த மாதமே சந்தையைக் கலக்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை.

சரி, இந்த வேலைக்கு எப்படிப் போவது? மலேசியாவில் வணிகத் தூதருக்கென்று தனித் தேர்வு கிடையாது. பெரும்பாலானவர்கள் நிர்வாக, அரசதந்திரச் சேவை வழியாக வருகிறார்கள். மலாய்ச் சுருக்கமான பி.டி.டி. என்றால் அரசாங்க அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏதாவது ஒரு துறையில் பட்டம் வேண்டும், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழிக்குக் கிரெடிட் வேண்டும். பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வை எழுத வேண்டும். அதில் தேறினால் குழுவாக உட்காரவைத்து, பேசவிட்டு, ஒரு வேலையைச் செய்யவிட்டுப் பார்க்கும் மதிப்பீடு இருக்கும். பிறகு நேர்முகம். விண்ணப்பிப்பவர்கள் மிக மிக அதிகம், எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். தேர்வானவர்களுக்கு இந்தான் என்கிற தேசியப் பொது நிர்வாகக் கழகத்தில் பயிற்சி. அதன் பிறகு எந்த அமைச்சு என்பது நம் கையில் இல்லை. வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்கும் அனுப்பலாம், கல்வி அமைச்சுக்கும் அனுப்பலாம். முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சு கிடைத்தால் வணிகப் பாதை அங்கே தொடங்கும். மிட்டி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான்.

இன்னொரு வழி மெட்ரேட். 1993-இல் தொடங்கிய வெளிநாட்டு வாணிப மேம்பாட்டுக் கழகம் அது, தன் ஆட்களைத் தானே எடுக்கும். உலகின் பல நகரங்களில் அதற்கு வணிக ஆணையர்கள் உண்டு. சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது, அங்கே தமிழ் தெரிந்தவருக்கு எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை. மெட்ரேட்காரர் விற்பவரையும் வாங்குபவரையும் ஒன்று சேர்ப்பவர். மிட்டிக்காரர் எந்த விதியின்படி விற்கலாம் வாங்கலாம் என்பதற்காகப் பேசுபவர்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சாமிவேலு, அதற்குப் பிறகு இந்தியாவுக்கும் தெற்காசியாவுக்குமான உள்கட்டமைப்புச் சிறப்புத் தூதராக நியமிக்கப்பட்டார். நம் ஊரில் தூதர் என்றால் பலருக்கும் அவர்தான் ஞாபகம் வருவார். அது அரசியல் அனுபவத்துக்குக் கிடைக்கும் பதவி. நான் சொல்வது இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் தேர்வு எழுதி அடியிலிருந்து ஏறும் வேலை.

அடி என்றால் நிஜமாகவே அடி. முதல் சில வருடம் மற்றவர் பேசுவதைக் குறிப்பெடுப்பது, அட்டவணையில் எண் சரியா என்று பார்ப்பது, உள்ளூர் உற்பத்தியாளர் சங்கங்களைக் கூப்பிட்டு அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது. பிறகு வெளிநாட்டுத் தூதரகத்தில் சில வருடம், மறுபடி புத்ராஜெயா, மறுபடி வெளிநாடு. ஜெனிவாவில் உலக வணிக அமைப்புக்கென்றே மலேசியாவுக்குத் தனிப் பேராளர் அலுவலகம் இருக்கிறது. வணிகப் பாதையில் போகிறவர்களுக்குப் பெரிய கனவு அந்த நாற்காலி. டத்தோ எம். சுப்பிரமணியம் மிட்டி அமைச்சில் வளர்ந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். முகமட் நூர் யாக்கோப் அங்கே தூதராக இருந்தபோது, 2007-இல், உலக வணிக அமைப்பின் பொதுமன்றத்துக்கே தலைவராக இருந்தார். ரெபேக்கா பாத்திமா ஸ்டா மரியா 2010 முதல் 2016 வரை அமைச்சின் தலைமைச் செயலாளர், பிறகு ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பான ஏபெக்கின் செயலகத்தில் நிர்வாக இயக்குநராகவும் இருந்தார். பசிபிக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் மலேசியாவின் தலைமைப் பேச்சாளராக இருந்த ஜெ. ஜெயசிரியும் அமைச்சின் தலைமைச் செயலாளர் ஆனார். இவர்களுக்கு மேலே 1987 முதல் 2008 வரை வாணிப அமைச்சராக இருந்தவர் ரபிடா அசிஸ். பக்கத்து ஊரான கோலக்கங்சாரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர். உலக வணிகம் நமக்கு எட்டாத தூரம் என்று நினைக்கிற பிள்ளைகளிடம் இதை நான் வேண்டுமென்றே சொல்வேன்.

கோலக்கங்சார் என்றதும் இன்னொன்று. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது கோலக்கங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது, வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். நம்மை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மரம் அது. அந்த மரத்தின் விலையைப் பற்றிய பேச்சுகள்தான் நம் தாத்தாக்களின் வாழ்க்கையை ஆட்டிவைத்தன. 1922-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விலையைத் தூக்க மலாயாவும் இலங்கையும் ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்தன. டச்சுக்காரர்களின் இந்தோனேசியா சேரவில்லை. இவர்கள் குறைத்ததை அவர்கள் நிரப்பினார்கள். 1928-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் விலை அடியோடு சரிந்தபோது தோட்டங்களில் வேலை இல்லாமல் பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு 1934-இல் டச்சுக்காரர்களையும் சேர்த்து மறுபடி ஓர் ஒப்பந்தம் வந்தது. அதில் பேசியவர்கள் எல்லாரும் அரசாங்கங்களும் கம்பெனிகளும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து ஒரு குரல் அங்கே கேட்டதில்லை. காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இன்றைக்கு உனக்கு வேலை இல்லை என்று சொல்லும்போதுதான் ஒப்பந்தம் போட்டார்கள் என்பதே தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1957 அக்டோபரில், சுதந்திரம் வாங்கி இரண்டு மாதத்துக்குள், மலாயா காட் எனும் உலக வணிக உடன்பாட்டில் தன் பெயரில் சேர்ந்தது. 1979-இல் வந்த அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம் எனக்கு மிகவும் பிடித்த ஒப்பந்தம். விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, செலவைப் பாதிக்குப் பாதி ஏற்று, 5.5 லட்சம் டன் வரை ரப்பரை வாங்கி வைக்க ஒத்துக்கொண்டார்கள். விலை விழுந்தால் கிடங்குக்கு வாங்குவது, ஏறினால் விற்பது. இதை நடத்திய அமைப்புக்குத் தலைமையகம் கோலாலம்பூரில். என் அப்பா பால் வெட்டிய காலம் அது. விலையைத் தாங்கிப் பிடிக்க ஓர் அலுவலகம் இருந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

அது ஏன் முடிந்தது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் விலையை அளந்தது மலேசிய, சிங்கப்பூர் காசுக் கணக்கில். 1997-இல் ரிங்கிட் சரிந்தது. டாலர் கணக்கில் ரப்பர் விலை விழுந்தும், ரிங்கிட் கணக்கில் அவ்வளவு விழாதது போலத் தெரிந்தது. கிடங்கு வாங்க முன்வரவில்லை. விற்கும் நாடுகளுக்கு நம்பிக்கை போனது. மலேசியா விலகியது, தாய்லாந்து விலகியது, 1999 அக்டோபரில் கடையை மூடினார்கள். எந்த நாட்டுக் காசில் அளப்பது என்ற ஒரு வரிதான். கையெழுத்துப் போடும் நாளில் யாருக்கும் அது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது. வணிகத் தூதரின் வேலை இப்படிப்பட்ட வரிகளைப் பற்றிக் கவலைப்படுவது.

வழக்கு நடத்துவதும் இந்த வேலையில் சேர்ந்தது. உலக வணிக அமைப்பில் பதிவான முதல் வழக்கே மலேசியா மீதுதான். 1995 ஜனவரியில் சிங்கப்பூர் போட்டது, பிளாஸ்டிக் மூலப்பொருள் இறக்குமதி பற்றி. அதே ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நம் காலத்து வழக்கு பாமாயில் வழக்கு. வண்டி எரிபொருளாகப் பாமாயிலைப் பயன்படுத்துவதை 2030-க்குள் படிப்படியாகக் கைவிட ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. காடு அழிகிறது என்பது அவர்கள் வாதம். 2021 ஜனவரியில் மலேசியா வழக்குப் போட்டது, 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. விதியின் அடிப்படையை எதிர்த்த வாதங்களில் பெரும்பாலானவற்றை நடுவர் குழு ஏற்கவில்லை. ஆனால் விதியைத் தயாரித்த விதத்திலும் நடத்திய விதத்திலும் நியாயமற்ற பாகுபாடு இருந்தது என்றது. இரண்டு தரப்பும் தங்களுக்கு வெற்றி என்றார்கள். மூன்று வருட உழைப்புக்குப் பாதி வெற்றி கிடைத்தது. இந்தத் தொழிலில் அது நல்ல பலன்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் நின்று நம் பொருளுக்காக வாதாடுகிறவர் உள்ளூரில் நடக்கும் தப்பையும் பார்க்க வேண்டும். 2020-இல் மலேசியாவின் இரண்டு பெரிய தோட்ட நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கா துறைமுகத்திலேயே நிறுத்தியது. கட்டாய உழைப்பு நடக்கிறது என்பது காரணம். கடப்பிதழைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, கடனில் கட்டிப்போடுவது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஆள்கட்டி வந்த கங்காணி, தீராத கடன், தோட்டக் கணக்கரான கிராணியின் கணக்குப் புத்தகம் எல்லாம் நம் வீட்டுக் கதைகள். இன்றைக்கு அந்த லயத்தில் இருப்பவர்கள் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேபாளிகளும். இது வெளிநாட்டுக்காரர்களின் சதி என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரியும் உண்டு. முதலில் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரியும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் இரண்டாவது வகையாகத்தான் இருப்பார் என்று நான் நம்புகிறேன். அந்த நிறுவனங்களில் ஒன்று உழைப்பு முறையைத் திருத்தி, தொழிலாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு 2023-இல் அதன் மீதிருந்த தடை நீங்கியது. விதி கடுமையாக இருந்ததால் அந்தத் தொழிலாளிகளுக்கு நன்மை வந்தது. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலையில் கஷ்டம் இல்லாமல் இல்லை. மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை பெட்டி கட்ட வேண்டும். பிள்ளைகள் பள்ளி மாறுவார்கள், வாழ்க்கைத்துணை தன் வேலையை விட வேண்டி வரும், அம்மா அப்பா நோயில் விழும்போது பதினைந்து மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்க வேண்டியிருக்கும். அரசாங்கச் சம்பளம்தான், வக்கீலாகப் போன நண்பர் அதைவிட அதிகம் சம்பாதிப்பார். நம் பிள்ளைகள் பொதுச் சேவைக்கு விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள், நமக்கெல்லாம் கிடைக்காது என்று வீட்டிலேயே சொல்லி வளர்க்கிறோம். அந்த நினைப்புக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரசுப் பணியில் நம் எண்ணிக்கை குறைவு என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்காதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது. மூன்று மொழி பேசுகிற, விலை ஏறி இறங்குவதை அடுப்படியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்த வேலைக்குப் பாதித் தயாரிப்போடுதான் பிறக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சுங்கை சிப்புட்டில் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் கட்டிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். 1953-இல் ஐ.நா. பொதுச்சபையின் முதல் பெண் தலைவரானவர், இந்தியாவின் மூத்த தூதர். பள்ளி வாசலில் தினமும் கடந்து போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் சொன்னபோது என் வகுப்பில் ஒரு பெண், "சார், அப்போ தூதருங்க நம்ம ஊருக்கே வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் பி.டி.டி. தேர்வு பற்றி அவளாகவே தேடிப் படித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது எல்லாரும் பேசுவது ஐரோப்பாவின் காடழிப்புத் தடுப்பு விதி. செம்பனை, ரப்பர், கோகோ, காப்பி, சோயா, மரம், மாடு, இந்த ஏழும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்திருந்தால் ஐரோப்பாவில் விற்க முடியாது. 2024 கடைசியில் தொடங்க வேண்டியது, ஒரு வருடம் தள்ளிப்போனது, மறுபடி 2026 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. இந்தத் தள்ளிப்போடுதலுக்குப் பின்னாலும் பல நாட்டு வணிகத் தூதர்களின் நடை இருக்கிறது. மலேசியாவும் இந்தோனேசியாவும் ஐரோப்பிய ஆணையமும் சேர்ந்து 2023-இல் ஒரு பணிக்குழுவே அமைத்தன, சிறுதோட்டக்காரர்களை எப்படிக் கைவிடாமல் பார்ப்பது என்பது அதில் முக்கியப் பேச்சு. நாலு ஹெக்டேருக்கு மேல் என்றால் நிலத்தின் எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஒரே ஒரு புள்ளி போதும். ஆனால் அந்தப் புள்ளியை ஆறு தசம இலக்கம் வரை சொல்ல வேண்டும்.

சித்தப்பாவின் ஏழு ஏக்கர் நாலு ஹெக்டேருக்குக் கீழே வருகிறது. போன மாதம் நானும் அவரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நிலத்துக்கு நடுவில் போய் நின்றோம். மழை பெய்து விட்டிருந்தது, வெட்டிப் போட்ட மட்டைகள் மேல் கால் வழுக்கியது. 4-இல் தொடங்கும் ஓர் எண்ணும் 101-இல் தொடங்கும் ஓர் எண்ணும் திரையில் வந்தன. கடைசி இலக்கம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. "அசையாம நில்லு, அது நிக்கட்டும்" என்றார் சித்தப்பா. நின்றதும் ஒவ்வோர் இலக்கமாக நான் படிக்க, சட்டைப் பையிலிருந்த தராசுச் சீட்டை எடுத்து, மரத்தில் வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.